தீயும் கருணையும்: ஆங்கிலக் குற்றவியல் தண்டனை வரலாற்றிற் பெண்

1726ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி இலண்டனின் டைபேர்ண் கொலைக்களத்திலே கதரீன் ஹேயிஸ் என்ற பெண் எரித்துக் கொல்லப்பட்டாள். கணவனைக் கொலைசெய்யச் சதிசெய்தாள் என்பது அவள்மீது சாட்டப்பெற்ற குற்றம். அக்கொலையில் இரண்டு ஆடவர் அவளுக்கு உடந்தையாயிருந்தனர். கொன்ற பின்னர் தலையை வெட்டியெடுத்துத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிட்டு வந்தவர்களும் அவர்களே. இருவருள் ஒருவன் தண்டனை நிறைவேறுமுன்னரே நியூகேற் சிறையில் இறந்தான். மற்றவன் தூக்கிலிடப்பட்டான், அவன் உடல் பின்னர் சங்கிலியிற் தொங்கவிடப்பட்டது. தீயிடப்பட்டவள் அவள் ஒருத்தியே. எரிக்குமுன் கயிற்றால் நெரித்து உயிரைப் போக்கிவிடுவது கொலைஞரின் வழக்கம். அன்று தீச்சுவாலை கையைச் சுட்டமையாற் கொலைஞன் கயிற்றைக் கைவிட்டான். அவள் உயிருடன் எரிந்தாள்.

குற்றவாளிகளுக்குக் கவர்ச்சியூட்டிய புனைகதைகளைக் கண்டிக்கும் நோக்குடன் இவ்வரலாற்றைத் தக்கரே 1839-40இல் ஒரு நாவலாக எழுதினார். அக்குற்றத்தின் அருவருப்பைக் காட்டுவதில் அவர் கருத்தாயிருந்தார். நாம் இங்கு கேட்க விழைவது குற்றத்தைப்பற்றிய வினாவன்று, தண்டனையைப்பற்றிய வினா. ஒரே குற்றத்தைப் புரிந்த ஓர் ஆணுக்குக் கயிறும் ஒரு பெண்ணுக்குத் தீயும் வழங்கப்பட்டமைக்குக் காரணம் யாது?

சட்டம் இவ்வினாவுக்கு ஒளிவுமறைவின்றி விடை தருகின்றது. மூன்றாம் எட்வேட் மன்னன் காலத்தில், 1351ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இராசத்துரோகச் சட்டம், அரசனுக்கெதிரான பெருந்துரோகத்துடன் 'சிறுதுரோகம்' என்றொரு குற்றத்தையும் வகுத்தது. பணியாள் தன் எசமானனைக் கொல்வது, மதகுரு தன் மேற்றிராணியாரைக் கொல்வது, மனைவி தன் கணவனைக் கொல்வது என்னும் மூன்றும் சிறுதுரோகங்கள். எசமானன் பணியாளைக் கொன்றாலோ, கணவன் மனைவியைக் கொன்றாலோ அது வெறும் கொலையே. கணவனைக் கொல்வது ஓர் உயிருக்கெதிரான குற்றம் மாத்திரமன்று, ஓர் ஆட்சிக்கெதிரான கலகம் என்பதே இதன் பொருள். நிலமானிய சமுதாயத்திற் குடும்பம் ஒரு சிற்றரசு. அச்சிற்றரசின் முடி கணவன் தலைமீதிருந்தது. சிறுதுரோகம் புரிந்த ஆடவனைக் கொலைக்களத்திற்கு இழுத்துச்சென்று தூக்கிலிட்டனர், பெண்ணை எரித்தனர். பெண்களின் உடலைப் பொதுமக்கள் முன் வெளிப்படுத்திச் சிதைப்பது நாகரிகமன்று என்பதனாலேயே எரித்தல் விதிக்கப்பட்டதென 1760களில் விளக்கமளித்தார் பிளாக்ஸ்ரோன். தீயிலிடுவதைப் பெண்மைக்குக் காட்டும் மரியாதையாக விளக்க முடிந்த அச்சட்ட மேதையின் துணிவு வியத்தற்குரியதே.

இவ்வுறவின் அடித்தளம் குடும்பத்தின் எல்லையைத் தாண்டி விரிந்தது என்பதற்கு அமெரிக்கக் குடியேற்ற நாட்டிலிருந்து ஒரு சான்று. மசச்சூசெற்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜிலே 1755இல் அடிமைகளிருவர் தம் உடைமையாளனுக்கு நஞ்சூட்டிக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டனர். மார்க் என்ற ஆண் தூக்கிலிடப்பட்டான். பிலிஸ் என்ற பெண் எரிக்கப்பட்டாள். மனைவியும் பணியாளும் அடிமையும் சட்டத்தின் ஒரே வாசகத்தினுள் அடங்கினர்.

ஆங்கிலச் சட்டம் பெண்ணிடம் கொடூரமாக நடந்துகொண்டது என்று முடிவுசெய்ய இவை போதுமெனத் தோன்றலாம். ஆனால் மறுபக்கச் சான்றுகளும் உள. பதினெட்டாம் நூற்றாண்டு நீதிமன்றங்களில் ஆண்களைவிடப் பெண்கள் குறைந்த எண்ணிக்கையிலேயே குற்றஞ்சாட்டப்பட்டனர் என்பதையும், மரண தண்டனை பெற்ற பெண்களுட் பெரும்பாலார் மன்னிக்கப்பட்டனர் என்பதையும் ஜே. எம். பீற்றி போன்ற வரலாற்றாசிரியர்கள் பதிவேடுகளைக் கொண்டு நிறுவியுள்ளனர். சட்டம் பெண்ணுக்குச் சலுகை காட்டுகிறது என்ற கூற்று இன்றும் எம்மிடையே அடிக்கடி கேட்கப்படுவது. அதை முற்றிலும் பொய்யென ஒதுக்கிவிட இயலாது. அவ்வாறு ஒதுக்குவோர் தமது வாதத்தையே பலவீனப்படுத்துகின்றனர். ஆயின், 'கூடுதலான தண்டனையா, குறைவான தண்டனையா' என்று நிறுத்துப்பார்ப்பது வினாவைத் தவறாக அமைப்பதாகும். எத்தகைய உறவுக்குள் நின்று, எவரது உடைமைக்கும் அதிகாரத்துக்கும் எதிராக அவள் குற்றம் புரிந்தாள் என்று கேட்டால், கொடுமையும் கருணையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது புலப்படும்.

1671ஆம் ஆண்டு வழக்கொன்றை இங்கு நோக்கலாம். தன் மனைவியுடன் மாற்றானொருவன் கூடியிருக்கக் கண்ட கணவன் அம்மாற்றானை அவ்விடத்திலேயே கொன்றான். அது கொலையன்று, கைமோசக்கொலையே என மன்றம் தீர்ப்பளித்தது. கைமோசக்கொலைக்குரிய தண்டனை கையிற் சூடிடுவது. இதனிலும் பெரிய ஆத்திரமூட்டல் இருக்க முடியாதாகையால் மெல்லச் சுடுமாறு நீதிபதிகள் பணித்தனர். 1707இல் பிரதம நீதியரசர் ஹோல்ற் இச்சலுகையின் நியாயத்தை மேலும் தெளிவாக்கினார்: பிறன் மனைவியைக் கூடுவது ஒருவனது உடைமைமீதான மிகப்பெரிய ஆக்கிரமிப்பு என்பது அவர் கருத்து. உடைமை என்ற சொல்லை மார்க்சியர் எவரும் அங்கு புகுத்தவில்லை; நீதியரசரே கூறினார். இவ்வாதத்தில் மனைவி ஆக்கிரமிக்கப்படும் பொருள். பொருளுக்கு ஆத்திரம் வருவதைப்பற்றிச் சிந்திக்க அதில் இடமில்லை. கையில் மெல்ல வைக்கப்பட்ட சூடும் டைபேர்ணில் மூட்டப்பட்ட தீயும் ஒரே சட்டத்தின் அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

கையிற் சூடிடுதல் 'குருமார் சலுகை' என்ற பழைய ஏற்பாட்டின் எச்சமாகும். மதகுருமாரை அரச மன்றங்கள் தூக்கிலிடக் கூடாது என்ற இடைக்கால உரிமை, காலப்போக்கிற் சங்கீதப் பகுதியொன்றை வாசிக்கத் தெரிந்த எந்த ஆடவனுக்கும் உயிர்தரும் உபாயமாயிற்று. முதன்முறை பிடிபட்ட கள்வன் வாசித்தான், பெருவிரலிற் சூடு பெற்றான், வீடு திரும்பினான். பெண் குருவாக முடியாதாகையால் அவளுக்கு இச்சலுகை இல்லை. எனவே அதே பொருளைத் திருடிய பெண் தூக்குமரத்துக்குச் சென்றாள். 1624இற் பத்துச் சிலிங்குக்கு மேற்படாத திருட்டுகளுக்கு மாத்திரம் இதற்கு நிகரான சலுகை பெண்களுக்கு அளிக்கப்பட்டது. ஆடவருடன் முழுச் சமத்துவம் 1691இலேயே கிடைத்தது.

அதுவரை பெண்ணுக்கெனச் சட்டம் வைத்திருந்த தனிச் சலுகை அவளது வயிறு. கருவுற்றிருப்பதாக அவள் முறையிட்டால், தாய்மாரைக் கொண்ட யூரர் குழுவொன்று அவளைப் பரிசோதிக்கும். சிசு அசைவது உறுதியானாற் பிரசவம் வரை தண்டனை ஒத்திவைக்கப்படும். பின்னர் மன்னிப்பு அல்லது நாடுகடத்தல் பலருக்குக் கிடைத்ததுண்டு. டீபோவின் மோல் பிளாண்டேர்ஸ் (1722) இவ்வாறுதான் நியூகேற் சிறையிற் பிறக்கின்றாள். புடைவைக் கடையிலே துணி திருடி அகப்பட்ட அவள் தாய் வயிற்றைக் காட்டி உயிர்தப்பி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவள். ஜோன் கேயின் பிச்சைக்காரர் இசைநாடகத்திலே (1728) சிறைப்பெண்களைக் கருவுறச் செய்வதே ஒருவனுக்குத் தொழிலாகிவிடுகிறது. பார்வையாளர் சிரித்தனர். எம்மைப் பொறுத்தவரை, அந்நூற்றாண்டின் சட்டநூல்கள் பலவற்றினும் இந்நகைச்சுவை உண்மையை நெருங்கி நிற்கிறது. ஆண் எழுத்தறிவினால் உயிர் தப்பினான். பெண் கருப்பையினால் உயிர் தப்பினாள். இத்தாய்மார் குழுவிலன்றி வேறெந்த யூரர் ஆசனத்திலும் 1919ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆங்கிலப் பெண் அமர்ந்ததில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மற்றொரு சலுகையையும் சுட்டவேண்டும். கணவன் முன்னிலையில் மனைவி திருடினால், அவனது வற்புறுத்தலாலேயே அவள் அதனைச் செய்தாள் எனச் சட்டம் அனுமானித்து அவளை விடுவித்தது. திருமணத்தின் பின் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒருவரே. அந்த ஒருவர் கணவன். சொத்து அவனுடையது, ஒப்பந்தம் செய்யும் உரிமை அவனுடையது, ஆகவே அவள் மனமும் அவனுடையதே. மனைவியால் ஆட்டிவைக்கப்படும் பம்பிள் என்ற பாத்திரம் இவ்வனுமானத்தைக் கேட்டவுடன் சட்டத்தை ஏசுவதை ஒலிவர் டுவிஸ்ற் படித்தோர் அறிவர். இவ்வனுமானம் 1925 வரையும், இதன் எச்சமான எதிர்வாதம் 2014 வரையும் நிலைத்திருந்தன. கணவனுடன் சேர்ந்து அயலான் பொருளைத் திருடியவள் குழந்தைக்கு ஒப்பானவள். கணவன்மீது கைவைத்தவள் அரசனைக் கொன்றவளுக்கு ஒப்பானவள். இரண்டிலும் அவள் சுயமாக நிற்கும் ஒரு மனிதப்பிறவியல்லள்.

எரித்தல் 1790இல் ஒழிந்தது. 1786இல் வில்பர்போர்ஸ் கொண்டுவந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. 1789 மார்ச்சிலே கதரீன் மேர்பி என்பவள் நாணயம் போலியாக வார்த்தமைக்காக நியூகேற் சிறை வாயிலில் இவ்வாறு தண்டிக்கப்பட்டாள். அவளுடன் தண்டனை பெற்ற அவள் கணவனுக்கு அதே நாளில் தூக்கு. அவளைத் தொங்கவிட்டு உயிர் போனபின் எரித்தனர். இங்கிலாந்திற் கடைசியாக இவ்வாறு எரிக்கப்பட்டவள் அவளே. மறு ஆண்டு, இத்தகைய காட்சிகளை முன்னின்று நடத்தவேண்டிய ஷெரீப் பதவியை வகித்தவரான ஹமெற் என்பவரே பொதுமக்கள் சபையில் தடைச்சட்டத்தைப் பிரேரித்தார். சிறுதுரோகம் என்ற குற்றப்பிரிவோ 1828 வரை சட்டநூலில் இருந்தது.

இதுகாறும் கூறியவை குடும்பத்தினுள் நின்ற பெண்ணைப்பற்றியவை. குடும்பத்துக்கு வெளியே கருவுற்ற ஏழைப் பெண்ணின் கதை வேறு. எமது நோக்கில் இதுவே வரலாற்றின் மிக நீண்ட அத்தியாயம்.

1624ஆம் ஆண்டு, குருமார் சலுகையைச் சிறிது நீட்டிய அதே பாராளுமன்றம், முறைதவறிப் பிறந்த சிசுக்களைக் கொல்வதைத் தடுக்கும் சட்டமொன்றையும் இயற்றியது. மணமாகாத பெண் இறந்த தன் சிசுவை மறைத்தால், அது பிறக்கும்போதே இறந்திருந்ததென ஒரு சாட்சியையேனும் கொண்டு அவள் நிரூபிக்கவேண்டும்; தவறினால் அவள் கொலைகாரி. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசினுடையது என்ற கோட்பாடு இங்கு தலைகீழாகியது. மணமான பெண்ணுக்கு இச்சட்டம் பொருந்தாது. தந்தையைப்பற்றி இது பேசுவதேயில்லை. ஏன் இவ்வேற்றுமை? இதற்கு முன்னரே 1576, 1610ஆம் ஆண்டுச் சட்டங்கள், முறைதவறிய குழந்தையை ஊர்ப்பங்கின் வரிப்பணத்திற் சுமத்தும் தாயைத் தண்டிக்க வகைசெய்திருந்தன. 1610ஆம் ஆண்டுச் சட்டப்படி அவள் ஓராண்டு திருத்தற்சிறைக்கு அனுப்பப்படலாம். வரி செலுத்தியோர் நிலமுடையோர்; கருவுற்றோர் பெரும்பாலும் அவர்தம் வீடுகளிற் கூலிக்கு உழைத்த பணிப்பெண்கள். கரு வெளிப்பட்டால் வேலை போகும், நற்சான்று போகும், தங்க இடமும் போகும். மறைத்தலுக்கு அவளைத் தள்ளிய அதே சமுதாயம் மறைத்தலையே கொலைக்குச் சான்றாக்கியது.

இச்சட்டத்தின் இயல்பைச் சட்ட நூல்களிலும் பார்க்க நாவல்கள் தெளிவாகக் காட்டுகின்றன. ஸ்கொத்லாந்தில் 1690இல் இயற்றப்பட்ட இதையொத்த சட்டத்தை மையமாகக் கொண்டது ஸ்கொற்றின் 'மிட்லோதியனின் இதயம்' (1818). கருவுற்றதை எவரிடமும் கூறாதிருந்தாள் என்பதனால் எபி டீன்ஸுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. தன்னிடம் கூறினாளென அவள் தமக்கை ஜீனி ஒரு வார்த்தை சொன்னாற் போதும். அது பொய்யாகையால் அவள் சொல்ல மறுத்து, இலண்டனுக்கு நடந்து சென்று அரசியிடம் மன்னிப்புப் பெறுகிறாள். குழந்தை உண்மையில் இறக்கவேயில்லை என்பது பின்னரே தெரியவருகிறது. நிகழாத ஒரு கொலைக்காக ஒரு பெண்ணைத் தூக்குமேடை வரை கொண்டுசெல்லச் சட்டத்துக்கு அவளது மௌனமே போதுமாயிருந்தது. ஸ்கொற் அரசியற் பழமைவாதி; எனினும் அவரது கதையமைப்பு அவரது அரசியலை மீறி இவ்வுண்மையை வெளியிட்டுவிடுகிறது.

ஜோர்ஜ் எலியற்றின் 'அடம் பீட்' (1859) இதனிலும் ஆழமானது. பண்ணை வீட்டிற் பாற்பண்டம் செய்யும் ஹெற்றி சோரல், நிலக்கிழாரின் பேரனான ஆதர் டோனிதோர்ணால் கருவுற்று, அலைந்து, பிறந்த குழந்தையைக் காட்டில் விட்டு அகல்கிறாள். மன்றம் அவளுக்கு மரணம் விதிக்கிறது. இறுதிக் கணத்தில் மன்னிப்புப் பத்திரத்துடன் குதிரையில் விரைந்து வருபவன் வேறெவனுமல்லன், அதே ஆதர். அவளுடைய தண்டனை நாடுகடத்தலாகக் குறைகிறது. ஆண்டுகள் கழித்து அவன் தன் நிலத்துக்கு மீள்கிறான். அவளோ ஊர் திரும்பும் வழியில் இறந்துபோகிறாள். இக்கதைக்கு வித்தாயிருந்தது எலியற்றின் சிறிய தாயார் கூறிய அனுபவமொன்று. மெதடிஸ்த போதகியான அவர், 1802இல் நொற்றிங்ஹாமிலே குழந்தைக்கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருத்தியுடன் சிறையிலிருந்து, அவளுடன் கொலைக்களம் வரை சென்றவர். அவ்வுண்மைப் பெண்ணுக்காகக் குதிரையில் எவரும் வரவில்லை.

இலக்கியத்தை மிகைப்படப் புகழ்வதும் தவறு. 'பவுஸ்ற்' நாடகத்தின் கிரெற்சனுக்காக உலகமே இரங்கியது. 1772இற் பிராங்பேர்ட் நகரிற் குழந்தைக்கொலைக்காகத் தலைவெட்டுண்ட பணிப்பெண்ணின் கதை அப்பாத்திரத்துக்குப் பின்னால் உள்ளது. ஆயினும் 1783இல் வைமார் அரசின் ஆலோசகராக இருந்தபோது, இக்குற்றத்துக்கு மரண தண்டனையைத் தொடரலாமென்ற பக்கத்திலேயே கேதே நின்றார். அவ்வாண்டே அங்கு ஒருத்தியின் தலை வெட்டப்பட்டது. கவிஞன் வேறு, அமைச்சன் வேறு என்று கூறி நாம் இதனைக் கடந்துபோக விரும்பவில்லை.

ஆதரின் குதிரை எம்மை ஒரு முக்கிய ஆய்வுக்கு இட்டுச்செல்கிறது. 1975இல் வெளிவந்த 'அல்பியனின் மரணமரம்' என்ற தொகுப்பில் டக்ளஸ் ஹே, பதினெட்டாம் நூற்றாண்டில் மரண தண்டனைச் சட்டங்கள் பெருகியபோதும் தூக்கிலிடப்பட்டோர் தொகை அதற்கேற்ப உயராமைக்கு விளக்கம் தந்தார். பயங்கரமும் மன்னிப்பும் சேர்ந்தே நிலவுடைமை வர்க்கத்தின் ஆட்சிக் கருவியாயின. மன்னிப்புக்காக ஏழை தன் நிலக்கிழாரின் பரிந்துரையை நாடவேண்டியிருந்தது என்பது அவர் முடிபு. மார்க்சிய வரலாற்றியலுக்கு இது பெரும் பங்களிப்பு. எனினும் அக்கட்டுரையில் மன்னிப்புக் கோருவோர் பெரும்பாலும் ஆடவரே. மன்னிக்கும் அதிகாரம் உடையவனே குற்றத்தின் மூலகாரணனாகவும் இருக்கும் ஹெற்றியின் நிலை அங்கு தனியே ஆராயப்படவில்லை. ஏங்கெல்ஸ் 1884இலேயே குடும்பத்தையும் தனியுடைமையையும் அரசையும் ஒரே நூலின் தலைப்பிற் சேர்த்து வைத்தவர். அவ்வழிவந்த நாம், வர்க்கத்தைக் கூறினாற் பெண்ணையும் கூறியதாகிவிடும் என நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஹெற்றியும் ஒரு திருட்டுக் கூலியாளும் ஒரே வர்க்கத்தினர். ஆனால் அவள்மீதான சட்டம் அவனுக்காக எழுதப்பட்டதன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூரர் இச்சட்டத்தின்படி தண்டிக்கத் தயங்கினர். குழந்தைக்கென ஒரு துண்டுத் துணி தைத்து வைத்திருந்தாள் எனக் காட்டினாலே விடுதலை செய்தனர். இதனைக் கருணையின் வெற்றியெனக் கொள்ளலாம். ஆனால் 1803இல் எலன்பரோ பிரபு பழைய சட்டத்தை நீக்கி, பிறப்பை மறைத்தலுக்கு ஈராண்டுவரை சிறைத் தண்டனை விதித்தபோது, பழைய சட்டத்தை நடைமுறைப்படுத்துவது கடினமாயிருந்தமையே காரணமாகக் கூறப்பட்டது. தூக்கைக் கண்டு அஞ்சிய யூரர், சிறைக்கு அஞ்சார். தண்டனை குறைந்ததனாற் தண்டிப்பது எளிதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தன் சிசுவைக் கொன்ற தாயை எவரும் தூக்கிலிடவில்லை. இருந்தும் நீதிபதி கறுப்புத் தொப்பி அணிந்து மரண தண்டனையை வாசிக்கும் சடங்கு தொடர்ந்தது. 1921இல் லெஸ்டர் நகரத் தொழிற்சாலைப் பெண்ணொருத்திக்கு இவ்வாறு தண்டனை வாசிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பின் பின்னர் 1922ஆம் ஆண்டுச் சிசுக்கொலைச் சட்டம் வந்தது. பிரசவத்தின் விளைவாகத் தாயின் மனச்சமநிலை குலைந்திருந்தாற் குற்றம் கைமோசக்கொலைக்கு நிகராகக் கருதப்படும். 1938இல் இது பன்னிரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு விரிவாக்கப்பட்டது. பால்சுரத்தலும் மனக்குலைவுக்குரிய காரணமாகச் சேர்க்கப்பட்டது. பல உயிர்களைக் காத்த சட்டம் இது. அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அச்சட்டம் எதனைக் காரணமாக ஏற்றுக்கொண்டது என்பதை நோக்குக. வேலை இழப்பு, வறுமை, கைவிட்டுப்போன ஆண் என்பன அதில் இல்லை. சுரப்பிகள் இருக்கின்றன. வயிற்றைக் காட்டி உயிர்தப்பிய மோலின் தாய்க்கும் மருத்துவச் சான்றிதழ் காட்டி உயிர்தப்பிய 1922இன் தாய்க்கும் இடையில் இருநூறு ஆண்டுகள் கழிந்தன. மன்னிப்பின் இருப்பிடம் மாறவில்லை.

கணவனைக் கொன்றவளுக்குத் தீ இல்லாதொழிந்த பின்னும், 1671இன் ஆத்திரமூட்டற் கோட்பாடு எஞ்சியிருந்தது. 1949இல் டவி என்ற பெண்ணின் வழக்கிலே, தன்னைக் கொடுமைப்படுத்திய கணவன் உறங்கும்போது கொன்றவளுக்கு எதிராக நீதியரசர் டெவ்லின் யூரருக்கு அளித்த விளக்கம் அடுத்த நாற்பதாண்டுகளுக்கு அளவுகோலாயிற்று: ஆத்திரம் திடீரெனவும் தற்காலிகமாகவும் மனத்தை ஆட்கொள்ளவேண்டும், நீண்டகாலக் கொடுமை அதற்கு ஈடாகாது. கைவலிமையுடையவன் அக்கணத்திலேயே திருப்பித் தாக்குவான்; அஞ்சி வாழ்பவள் காத்திருப்பாள். காத்திருந்தமையே அவளுக்கு எதிரான சான்று. 1955 ஜூலை 13இல் தூக்கிலிடப்பட்ட ரூத் எலிஸின் வழக்கிலும் ஆத்திரமூட்டல் யூரர் முன் வைக்கப்படவில்லை. 1992இற் கிரண்ஜித் அலுவாலியாவின் மேன்முறையீட்டிலேயே, காலதாமதம் மாத்திரம் ஆத்திரமூட்டலை இல்லாமற் செய்துவிடாது என மன்றம் ஏற்றது. எனினும் அவரது தண்டனை நீக்கப்பட்டது அக்காரணத்தாலன்று, குறைவுற்ற மனப்பொறுப்பு என்னும் மருத்துவக் காரணத்தை முன்னிட்டே. பின்னர் நிகழ்ந்த மறுவிசாரணையில் அவர் குற்றம் கைமோசக்கொலையாக ஏற்கப்பட்டு, ஏற்கெனவே கழித்த சிறைக்காலத்துடன் விடுதலையானார். 2009ஆம் ஆண்டுச் சட்டம், ஆத்திரம் திடீரென எழவேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. துணையின் பாலியற் துரோகம் மாத்திரம் இனிச் சாட்டாகாது எனவும் விதித்தது.

இவையெல்லாம் பிறநாட்டுப் பழங்கதைகள் எனக் கருதுவோர் எமது தண்டனைச் சட்டக்கோவையைப் புரட்டிப் பார்க்கலாம். மெக்கோலே 1837இல் வரைந்து, 1860இற் சட்டமான இந்தியக் கோவையைத் தழுவி 1883இல் இலங்கைக்கு ஆக்கப்பட்டது அது. கணவனின் சம்மதமின்றி அவன் மனைவியைக் கூடுவோனைத் தண்டித்து, மனைவியைத் தண்டியாது விட்ட இந்தியப் பிரிவினை இலங்கைக் கோவையினர் ஏற்கவில்லை. பெண்ணுக்குச் சலுகையெனப் பலமுறை நியாயப்படுத்தப்பட்ட அப்பிரிவினை, மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதுவது எனக் கூறி 2018இல் இந்திய உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஆனால் இறந்த குழந்தையின் உடலை இரகசியமாக அகற்றிப் பிறப்பை மறைத்தல் எமது கோவையிலும் குற்றமே. கொலையைக் கைமோசக்கொலையாக்கும் முதலாவது விதிவிலக்கும் அங்குண்டு: ஆத்திரமூட்டல் கடுமையானதாக இருக்கவேண்டும், திடீரானதாகவும் இருக்கவேண்டும். இங்கிலாந்து 2009இல் அழித்த அச்சொல், 1883இல் எழுதப்பட்டவாறே எமது கோவையில் உள்ளது.